ஒரே வாடிக்கைக்காரர்

“கோழி மேய்த்தாலும் கவர்ன்மெண்டில் மேய்க்க வேண்டும்” என்பது நம் நாட்டில் வெகு காலமாக வழங்கி வரும் பழமொழி. இதைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, தமிழர்களுக்குத் தொழில் துணிவு கிடையாது, மாதச் சம்பளமே அவர்களுடைய குலதெய்வம் என்று தீர்ப்புச் சொல்லி விடுகிறவர்கள் பலர். அவர்கள் ஒரு முறை திருச்சியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில் திருவெறும்பூரைக் கடந்து துவாக்குடி வரையில் போய் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

அந்தப் பக்கத்தில் இருக்கிறது கைலாசபுரம். ‘பெல்’ என்று ஊரார் அழைக்கும் பாரத மிகுமின் நிறுவனத்தின் குடியிருப்பு அது. செக்கோஸ்லோவாகியா தேசத்தின் உதவியுடன் 1965-ல் இங்கே கொதிகலன் ஆலை தொடங்கிற்று. ஆலையில் வேலை பார்ப்போருக்கு வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, நிழல் தரும் மரங்கள் எல்லாம் அமைந்தன. பழமொழியின் பெருமைக்கு இதைவிடச் சிறந்த அத்தாட்சி வேண்டியதில்லை.

ஆனால் நாம் பார்க்கச் சொல்வது குடியிருப்பை அல்ல; அதன் மதிலுக்கு வெளியே எழுந்த பட்டறைகளை. ஆலைக்கு வேண்டிய பாகங்களைச் செய்து கொடுப்பதற்கென்று சுற்று வட்டாரத்தில் சில நூறு சிறு தொழிற்சாலைகள் தோன்றின. பெரும்பாலும் வேலை எளிதாகச் சொல்லக் கூடியது: இரும்பை வெட்டி, வளைத்து, பற்றவைத்துக் கொடுக்க வேண்டும், டன் கணக்கில் கூலி கிடைக்கும். சொல்வதுதான் எளிது. கொதிகலனில் ஒரு பற்றுவைப்பு பழுதானால் மின்சார நிலையமே நின்று போகும். அத்தகைய வேலையைச் செய்யத் தெரிந்த கைகள் ஆயிரக்கணக்கில் இங்கே உருவாயின. பற்றவைப்புக் கலைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையமும் 1975-ல் ஏற்பட்டது. பாங்கியில் கடன் வாங்கி, வீட்டை ஈடு காட்டி முதல் போட்டவர்களைத் துணிவில்லாதவர்கள் என்று யார் சொல்ல முடியும்?

கைலாசத்திலுள்ள பெருமான் எல்லா உயிர்களுக்கும் படியளக்கிறார் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். கைலாசபுரத்து ஆலையும் பட்டறைகளுக்குப் பல ஆண்டுகள் படியளந்தது. 2012-க்குப் பின் புதிய அனல்மின் நிலையங்களுக்கான ஆர்டர்கள் குறைந்தன. நிலக்கரித் தட்டுப்பாடு, பாதியில் நின்ற திட்டங்கள், பின்னர் சூரிய மின்சாரத்தின் வளர்ச்சி எனக் காரணங்கள் பல. ஆலைக்கு வேலை குறைந்ததும் பட்டறைகளுக்கு வேலை இல்லாமலே போயிற்று. பல மூடப்பட்டன; பல கடனில் மூழ்கின. ஆலைச் சிப்பந்திக்குச் சம்பளம் நிற்கவில்லை. பட்டறை முதலாளிக்கோ சம்பளமும் இல்லை, பென்ஷனும் இல்லை, வட்டி மட்டும் உண்டு.

ஆகவே நம் ஜனங்களிடம் குறைவது துணிவு அல்ல என்பது நமது அபிப்பிராயம். தொழிலையும் ஓர் உத்தியோகமாகவே நடத்திவிட்டோம் என்பதுதான் குறை. ஒரே வாடிக்கைக்காரரை நம்பியிருப்பவர் முதலாளி என்று பெயர் பெற்றாலும், உண்மையில் சம்பள நிச்சயமில்லாத சிப்பந்தியே.

இதற்கு எதிரிடையாகச் சிவகாசியைப் பாருங்கள். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பினார்கள். அந்தத் தொழிலில் வெகு காலம் குழந்தைகளை வேலை வாங்கிய பழி உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தீப்பெட்டி வாங்குவோர் கோடிக்கணக்கானவர்கள். அவர்களில் ஒருவர் முகத்தைத் திருப்பிக் கொண்டால் சிவகாசியில் அடுப்பு அணைந்து விடாது.

வாடிக்கைக்காரர் ஒருவரே என்றால் சட்டமும் பயன்படுவதில்லை. சிறு தொழிலாளரிடம் சரக்கு வாங்கியவர் அதிகம் போனால் 45 நாட்களுக்குள் பணம் கொடுக்க வேண்டும், தவறினால் பாங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு வட்டி கட்ட வேண்டும் என்று 2006-ம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் தமக்குள்ள ஒரே வாடிக்கைக்காரர் மீது பிராது கொடுக்க எந்தப் பட்டறைக்காரர் துணிவார்? இரண்டாவது வாடிக்கைக்காரர் உள்ளவருக்கே முதலாமவரிடம் நியாயம் கேட்க வாய் வரும்.

கஷ்ட காலத்தில் சிலர் ரயில்வே வேலை, காற்றாலைத் தூண் என்று வெளியே தேடிப் போனார்கள். 2019-ல் தொடங்கிய பாதுகாப்புத் தளவாடத் தொழில் வழித்தடத்திலும் திருச்சி இடம் பெற்றிருக்கிறது. இதற்கிடையில், 2023-க்குப் பிறகு அனல்மின் நிலைய ஆர்டர்கள் மறுபடி வரத் தொடங்கியிருக்கின்றன. நமக்குச் சந்தோஷந்தான், கூடவே ஒரு பயமும் உண்டு. பழைய படி மறுபடி விழத் தொடங்கியதும், பட்ட பாடு மறந்து போகக் கூடாதே!

இதில் குடும்பங்களுக்கும் பங்கு உண்டு. பிள்ளை பட்டறை வைக்கப் போகிறேன் என்றால், “நல்ல வேலை ஒன்றும் கிடைக்கவில்லையா?” என்று கேட்கிறோம். பெண் கொடுப்பவர்களும் அதையே கேட்கிறார்கள். அதற்குப் பதில், “உனக்கு வாடிக்கைக்காரர்கள் எத்தனை பேர்?” என்று கேட்டுப் பழகுவோம். தையற்காரருக்கும் தச்சருக்கும் நாம் தர வேண்டிய பாக்கியை இன்றே தீர்த்துவிட்டுக் கேட்டால், அந்தக் கேள்விக்கு இன்னும் மதிப்பு உண்டாகும்.