மூன்று மாத வாக்குறுதி

நவநாள் நடைபெறும் கோயில்களில் மன்றாட்டுப் பெட்டியினுள் விழும் சீட்டுகள் பலவகைப்பட்டவை. காய்ச்சல் நீங்க வேண்டும், மகப்பேறு வாய்க்க வேண்டும், அறுவைச் சிகிச்சை நலமாய் முடிய வேண்டும் என்று நம் மக்கள் நோயின் பெயரைக் குறித்தே ஆண்டவரிடம் மன்றாடுகின்றனர். ஆனால் ஒரு நோயை மட்டும் பெயரிட்டு எழுத நம் கை கூசுகிறது. "குடும்பச் சமாதானத்திற்காக" என்று எழுதி, சீட்டை நான்காக மடித்துப் போட்டுவிடுகிறோம். அச்சீட்டுகளில் பலவற்றின் உட்பொருள் குடி என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர்.

பெயர் சொல்லக் கூசும் இந்நோயிலிருந்து ஒருவன் எவ்வாறு குணமடைந்தான், எவ்வாறு விடுதலை பெற்றான் என்பதை இம்மாதம் எண்ணிப் பார்ப்போம். அவன் துறவியல்லன், குருவானவரும் அல்லன். கூலி வேலை செய்து பிழைத்த ஏழைத் தொழிலாளி. அயர்லாந்து நாட்டின் தலைநகரான டப்ளினில் 1856-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள் பிறந்த மத்தேயு டால்பட் என்பவனே அவன். ஊரார் அவனை மாட் என்று அழைத்தனர்.

பன்னிரண்டு பிள்ளைகளில் இரண்டாமவனாகப் பிறந்த மாட், பள்ளிக்குச் சென்றது சொற்ப காலமே. பன்னிரண்டு வயதில் மது வணிகர் ஒருவரின் கிடங்கில் வேலைக்கு அமர்ந்தான். புட்டிகளில் எஞ்சிய மதுவைச் சுவைத்துப் பழகிய சிறுவன், வாலிபப் பருவம் எய்துமுன்னரே குடிக்கு அடிமையானான். தந்தையும் குடிப்பழக்கம் உடையவர், சகோதரர்களும் அவ்வாறே. பின்னர் கொத்தனார்களுக்குக் கல்லும் சாந்தும் சுமக்கும் சிற்றாளாக மாட் உழைத்தான். உழைப்பில் அவன் சோடை போனதில்லை. ஆயினும் வாரக் கூலி மதுக்கடைக்கே சென்றது. கூலி தீர்ந்தபின் கடன். கடனும் கிடைக்காதபோது காலணியை விற்றுங்கூடக் குடித்தான். தெருவில் பிடில் வாசித்துப் பிழைத்த ஓர் ஏழையின் பிடிலைத் திருடி விற்றுக் குடித்ததும் உண்டு. கோயிலை அவன் அறவே மறந்துவிடவில்லை. ஆனால் பாவசங்கீர்த்தனத்தையும் நற்கருணையையும் விட்டு விலகியே இருந்தான்.

1884-ஆம் ஆண்டு. அவனுக்கு வயது இருபத்தெட்டு. ஒரு வாரம் வேலைக்குச் செல்லாமல் குடித்துக் கழித்துவிட்டு, கையில் காசின்றிச் சனிக்கிழமையன்று மதுக்கடை அருகே நின்றான். நண்பர்கள் கூலி பெற்று வரும் நாள் அது. அவனிடம் காசிருந்த நாட்களில் அவன் செலவில் குடித்தவர்கள் அவர்கள். தன்னையும் உள்ளே அழைப்பார்கள் என்று நம்பி நின்றான். ஒவ்வொருவராக அவனைக் கடந்து உள்ளே சென்றனர். எவரும் அழைக்கவில்லை.

மாட் வீடு திரும்பினான். குடிக்காமல், நேரத்தோடு வந்த மகனைக் கண்டு தாய் வியந்தாள். மதுவிலக்கு வாக்குறுதி எடுக்கப் போவதாக அவன் கூறியதும், கடைப்பிடிக்கும் உறுதி இருந்தாலன்றி எடுக்க வேண்டாம் என்று எச்சரித்து, கடவுள் பெயரால் ஆசீர்வதித்து அனுப்பினாள். அவன் நேரே குருமடத்திற்குச் சென்று ஒரு குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தான். மதுவைத் தொடுவதில்லை என வாக்களித்தான். எத்தனை நாளைக்கு? வாழ்நாள் முழுமைக்குமன்று, மூன்று மாதங்களுக்கு மட்டுமே. மறுநாள் காலை நற்கருணை உட்கொண்டான்.

இந்த மூன்று மாதம் என்ற அளவில் எத்துணை ஞானம் அடங்கியுள்ளது என்பதை நாம் உணர வேண்டும். "இனிமேல் என் வாழ்நாளில் தொடவே மாட்டேன்" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்து, மறுவாரமே முறித்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! முறிந்த ஒவ்வொரு சத்தியமும் அவர்களை மேலும் நம்பிக்கை இழக்கச் செய்கிறது. மாட் டால்பட்டோ, தன் பலவீனத்தை அளந்து, அதற்கேற்ற சிறு வாக்குறுதியை ஆண்டவர் முன் வைத்தான். மூன்று மாதம் கழிந்தபின் ஆறு மாதத்திற்கு வாக்களித்தான். அதன்பின்னரே வாழ்நாள் முழுமைக்கும் வாக்களித்தான். நாற்பத்தோராண்டுகள், அதாவது இறக்கும்வரை, அவன் மதுவைத் தொடவில்லை.

அந்த முதல் மூன்று மாதங்கள் எளிதாகக் கழிந்தன என்று எவரும் எண்ண வேண்டாம். உடல் தவித்தது, மனம் மதுக்கடைப் பக்கமே இழுத்தது. முன்பு மதுக்கடையில் கழித்த மாலை வேளைகளில் இப்போது எங்கே செல்வது? கோயிலுக்குச் சென்றான். ஒருமுறை கையில் காசுடன் மதுக்கடையினுள்ளும் நுழைந்துவிட்டான். அங்கிருந்தவர் அவனைக் கவனிக்காமல் இருக்கவே, வெளியேறிக் கோயிலை அடைந்தான். அன்றுமுதல் கையில் காசு எடுத்துச் செல்வதையே விட்டுவிட்டான். தன் மனவுறுதியை நம்பிச் சோதனையின் எதிரில் நின்று மார்தட்டாமல், சோதனைக்குரிய வழியை அடைத்துவிட்டான் பாருங்கள். இதுவன்றோ தாழ்ச்சி!

ஆண்டவர் கூறிய உவமை ஒன்று நமக்கு நினைவுக்கு வருகிறது. ஒருவனை விட்டு வெளியேறிய அசுத்த ஆவி திரும்பி வந்து, வீடு பெருக்கி அலங்கரிக்கப்பட்டு வெறுமையாய் இருப்பதைக் கண்டு, தன்னினும் பொல்லாத ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு குடிபுகுகிறது. தீமையை வெளியேற்றினால் மட்டும் போதாது. அவ்விடத்தை நன்மையால் நிரப்ப வேண்டும். மாட் அதையே செய்தான். வேலைக்குச் செல்லுமுன் நாள்தோறும் அதிகாலைத் திருப்பலி கண்டான். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த அவன், முயன்று பயின்று, புனித அகுஸ்தீனாரின் நூல்களையும் வாசிக்கலானான். பழைய கடன்களை அடைத்தான். பிடில்காரனை ஊரெங்கும் தேடினான். கண்டுபிடிக்க இயலாமையால் அவனுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் செய்தான். மரக்கிடங்கில் உழைத்துப் பெற்ற கூலியில் தன் எளிய வாழ்வுக்குப் போக மீதியை ஏழைகளுக்கும் மறைபரப்புப் பணிக்கும் வழங்கினான்.

1925-ஆம் ஆண்டு சூன் 7-ஆம் நாள், மூவொரு கடவுள் பெருவிழாவன்று, திருப்பலிக்குச் செல்லும் வழியில் ஒரு சந்தில் விழுந்து உயிர் துறந்தான். அவன் உடலில் சங்கிலிகள் சுற்றப்பட்டிருந்ததை அப்போதுதான் உலகம் அறிந்தது. தேவமாதாவுக்குத் தன்னை அடிமையாக ஒப்புக்கொடுத்ததன் அடையாளமாக அவற்றை அவன் இரகசியமாக அணிந்திருந்தான். இத்தகைய தவமுயற்சியை ஆன்ம குருவின் வழிநடத்துதலின்றி எவரும் மேற்கொள்ளலாகாது. ஆயினும் அதன் பொருள் நமக்குத் தெளிவு. மதுவின் கண்காணாச் சங்கிலியில் கட்டுண்டு கிடந்தவன், விடுதலை பெற்றபின், அன்பின் சங்கிலியைத் தானே விரும்பி அணிந்துகொண்டான். எவருக்கும் எதற்கும் கட்டுப்படாமை விடுதலை ஆகாது; நம்மைப் படைத்தவருக்கு மனமுவந்து உரியவராதலே விடுதலை. 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் இத்தொழிலாளியை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார்.

விசுவாசம் இருந்தால் மருத்துவர் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். திருச்சபை ஒருநாளும் அவ்வாறு போதித்ததில்லை. மருத்துவனை மதிக்கும்படி சீராக்கின் ஞானநூல் அறிவுறுத்துகிறது. குடிப்பழக்கம் வெறும் ஒழுக்கக்கேடன்று, நோயுமாகும் என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956-ஆம் ஆண்டிலேயே இதனை ஏற்றது. பல்லாண்டுகளாக மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, சித்தப்பிரமை தோன்றி, உயிருக்கே ஆபத்து நேரிடலாம். எனவே அத்தகையவரைக் கோயிலுக்கு மட்டுமன்று, மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்வது நம் கடமை. மருத்துவரின் கையும் ஆண்டவரின் கொடையே.

இவ்விரண்டும் கைகோத்துச் செல்லும் என்பதற்கு ஒரு கன்னியரே சான்று. 1935-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் நலிந்த பில் வில்சன் என்பவரும் பாப் ஸ்மித் என்னும் மருத்துவரும் ஒருவருக்கொருவர் துணையாகி, பெயர் வெளியிடாக் குடிநோயாளர் சங்கத்தைத் தொடங்கினர். மதுவின்முன் தாம் வலுவற்றவர் என ஒப்புக்கொள்வதே அச்சங்கத்தாரின் முதற்படி. 1939-ஆம் ஆண்டுமுதல் அந்நகரின் புனித தோமையார் மருத்துவமனையில் சகோதரி இக்னேசியா, அம்மருத்துவருடன் இணைந்து, குடிநோயாளர்களை அனுமதித்துப் பேணினார். குணமாகி வீடு திரும்புவோர் ஒவ்வொருவருக்கும் இயேசுவின் திரு இருதயப் பதக்கம் ஒன்றை அளிப்பார். மீண்டும் குடிக்க விரும்பினால், முதலில் வந்து அதைத் திருப்பித் தந்துவிட்டுச் செல்ல வேண்டும் என்பார். பழித்துரைக்காமல், அன்பினால் அமைந்த வேலி அது.

இனி, கண்ணீரோடு இதனை வாசிக்கும் மனைவியருக்கும் தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. வேளாங்கண்ணிக்கு நடந்து சென்றும், ஒன்பது நாள் உபவாசம் இருந்தும் கணவர் திருந்தவில்லையே, நம் செபத்தில் குறையோ என்று வருந்துகிறீர்கள். குறை உங்கள் செபத்தில் இல்லை. மாட் டால்பட் தன் சொந்தச் சகோதரர்களையே குடியிலிருந்து மீட்க முயன்றும் இயலவில்லை. இறுதியில் அவ்வீட்டை விட்டு வேறிடம் சென்று வாழ்ந்தான். புனிதமான ஒருவனாலும் மற்றொருவனின் மனத்தைத் திறந்துவிட இயலாது. முப்பத்தெட்டு ஆண்டுகள் குளக்கரையில் கிடந்த நோயாளியிடம் நம் ஆண்டவரே, குணமாக விருப்பமுண்டா என்றுதானே முதலில் வினவினார்? அவ்வினாவிற்குரிய விடையை நோயாளியே அளிக்க வேண்டும். நாம் மன்றாடலாம், வழி காட்டலாம், காத்திருக்கலாம். ஆனால் அடியையும் உதையையும் சிலுவை என்று எண்ணிச் சகித்துக்கொள்ள வேண்டும் என்று திருச்சபை கேட்கவில்லை. உங்களையும் பிள்ளைகளையும் பாதுகாத்துக்கொள்வது பாவமன்று. பங்குத் தந்தையிடமும் நம்பத்தக்க உறவினரிடமும் மனம் திறந்து பேசுங்கள். மறைத்து வைத்த புண் ஆறுவதில்லை.

பங்குக் குடும்பங்களாகிய நமக்கும் கடமையுண்டு. திருமண வீட்டிலும், திருமுழுக்கு விருந்திலும், ஏன், அடக்கச் சடங்கு முடிந்த பின்னருங்கூட மது பரிமாறுவதைப் பெருமையாகக் கருதும் வழக்கத்தை விட்டொழிப்போம். குடியை விட்டவனை "எத்தனை நாளைக்கு?" என்று ஏளனம் செய்யாதிருப்போம். அன்று டப்ளினில் மாட்டைக் கண்டும் காணாமற் சென்றவர்களைப்போல நாம் இருத்தலாகாது. அவன் மதுக்கடைக்குச் செல்லாத மாலையில் நம் வீட்டுத் திண்ணையில் அவனுக்கு ஓர் இடம் இருக்கட்டும். குடும்பச் செபமாலையில் அவன் குரலும் ஒலிக்கட்டும்.

இதனை வாசிக்கும் அன்பரே, இந்நோய் உம்முடையதானால், வாழ்நாள் முழுவதையும் எண்ணி மலைக்க வேண்டாம். மருத்துவரைக் காணும், குருவானவரை அணுகிப் பாவசங்கீர்த்தனம் செய்யும், பீடத்தின்முன் முழந்தாளிட்டு மூன்று மாதத்திற்கு மட்டும் வாக்களியும். அதுவும் மிகுதியெனத் தோன்றினால், இன்று ஒரு நாளைக்கு மட்டும் வாக்களியும். தவறி விழுந்தால் மறுநாளே எழுந்து வாரும். ஏழை ஒருவனின் மூன்று மாத வாக்குறுதியை நாற்பத்தோராண்டுகளாகப் பெருக்கிய ஆண்டவர், உம்முடைய ஒரு நாளையும் வீணாக விடமாட்டார்.