அமெச்சூர் என்னும் வசைச்சொல்

தமிழ் விமர்சனச் சூழலில் ஒரு படைப்பை அப்புறப்படுத்த விரும்புபவர்க்கு அதிக உழைப்புத் தேவையில்லை. ‘அமெச்சூர்த்தனம்’ என்று ஒரு சொல்லைச் சொன்னால் போதும். படைப்பில் எது சரியில்லை, ஏன் சரியில்லை என்று விளக்க வேண்டிய கடமையிலிருந்து அச்சொல் விமர்சகரை விடுவித்துவிடுகிறது. இப்போது இந்தச் சொல் ஏட்டிலிருந்து இறங்கிச் சாலைக்கும் வந்திருக்கிறது. நடுவயதில் முதன்முறையாக ஒரு சாலை ஓட்டத்திற்குப் பெயர் கொடுப்பவரைப் பற்றி நம் இலக்கிய நண்பர்கள் பேசும் தொனியைக் கவனித்துவருகிறோம். வெல்ல வழியில்லாதவருக்கு ஓட்டம் எதற்கு என்பது முதல் கேள்வி. இது காசுள்ளவர்களின் மோஸ்தர் என்பது இரண்டாவது. உடம்பைப் பிடித்துக்கொண்டு அலைபவர் சிந்தனையைக் கைவிட்டவர் என்பது மூன்றாவது. மூன்றையும் நாம் மறுக்கிறோம். மறுப்பதற்குக் காரணம் ஓட்டத்தின் மீதுள்ள பிரியம் மட்டுமன்று. எந்தக் களத்திலும் புதிதாக நுழைபவரை வாசலில் நிறுத்தும் மனநிலை ஒன்றே என்பதால்தான்.

முதலில் சொல்லையே பார்ப்போம். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல்லின் வேர், அன்பு செய்தல் என்று பொருள்படும் இலத்தீன் வினைச்சொல். விருப்பத்தின் பொருட்டு ஒன்றைச் செய்பவர் என்பதே அதன் மூலப்பொருள். ஆனால் இச்சொல் நடந்துவந்த பாதை அவ்வளவு அன்பானதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் விளையாட்டுச் சங்கங்கள் இதைக் கொண்டு ஒரு வேலி கட்டின. கைத்தொழிலாளரும் கூலி உழைப்பாளரும் அமெச்சூர் ஆகமாட்டார்கள் என்று சில சங்கங்கள் விதியே எழுதிவைத்தன. 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கப் பதக்கங்கள் வென்ற அமெரிக்கப் பூர்வகுடி வீரர் ஜிம் தோர்ப், அதற்கு முன் சிறு ஊதியத்துக்குப் பேஸ்பால் ஆடியவர் என்பது தெரியவந்ததும் 1913இல் பதக்கங்களை இழந்தார். அவரே தனி வெற்றியாளர் என்று முழுமையாக ஏற்கப்பட 2022 வரை ஆயிற்று. அன்று ‘நீ அமெச்சூர் அல்ல’ என்று சொல்லி வெளியேற்றினார்கள். இன்று ‘நீ வெறும் அமெச்சூர்’ என்று சொல்லி வெளியேற்றுகிறார்கள். சொல்லின் பொருள் தலைகீழாகிவிட்டது. வாயிற்காப்போன் மட்டும் மாறவில்லை.

நமக்கும் இதில் ஒரு பங்குண்டு. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது, படித்தவர்களும் உத்தியோகத்தில் இருந்தவர்களும் விருப்பத்துக்காக மேடையேறினார்கள். தமிழ் நாடகத்துக்கு அதனால் விளைந்த நன்மையை எவரும் மறுக்க முடியாது. ஆயினும் அதே காலத்தில் வயிற்றுப்பாட்டுக்கு நடித்தவர்கள் ‘கூத்தாடிகள்’ என்றே இழிக்கப்பட்டார்கள். ஆகவே அமெச்சூர் என்ற சொல் நம்மிடையேயும் ஒருகாலத்தில் மரியாதைக்குரிய பட்டமாக இருந்து, பின்னரே வசையாகியிருக்கிறது.

இப்போது முதல் குற்றச்சாட்டுக்கு வருவோம். வெல்ல முடியாதவர் ஏன் ஓட வேண்டும்? இக்கேள்விக்கு நாம் சொல்லும் விடையின் பெயர் பாபி கிப். 1964இல் பாஸ்டன் மராத்தானை வேடிக்கை பார்க்கப் போன இந்த இளம்பெண், அதில் தானும் ஓட வேண்டும் என்று தீர்மானித்தார். பயிற்சியாளர் இல்லை. பெண்களுக்கான ஓட்டக் காலணி கடைகளில் இல்லை. செவிலியர் அணியும் தோல் காலணியைப் போட்டுக்கொண்டு பயிற்சி செய்தார். 1966இல் போட்டிக்கு விண்ணப்பித்தபோது, இவ்வளவு தொலைவு ஓடப் பெண்களின் உடலமைப்பு இடம்தராது என்று மறுப்புக் கடிதம் வந்தது. கலிபோர்னியாவிலிருந்து நாட்கணக்கில் பேருந்தில் பயணம் செய்து பாஸ்டன் வந்துசேர்ந்தார். ஏப்ரல் 19 அன்று ஹாப்கின்டன் என்னும் சிற்றூரில், தொடக்கக் கோட்டுக்கு அருகில் ஒரு புதரில் மறைந்திருந்தார். சகோதரனின் கால்சட்டை, தலையை மூடும் மேற்சட்டை, பையன்களுக்கான காலணி. இவையே அவருடைய கோலம். கூட்டத்தில் பாதி கடந்ததும் உள்ளே புகுந்து ஓடத் தொடங்கினார்.

அடுத்து நடந்ததுதான் நம் வாதத்துக்கு முக்கியமானது. பின்னால் ஓடிவந்த ஆண்கள் இவர் பெண் என்று விரைவில் கண்டுகொண்டார்கள். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. வெளியேற்ற விடமாட்டோம் என்று உறுதி கூறினார்கள். அந்தத் துணிவில்தான் அவர் மேற்சட்டையைக் கழற்றிவிட்டு, தாம் யாரென்று தெரிய ஓடினார். பாதி வழியில் வெல்லெஸ்லி மகளிர் கல்லூரியின் மாணவியர் அவரைக் கண்டு ஆரவாரித்தார்கள். புதிய காலணி பாதத்தைக் கொப்பளிக்கச் செய்தது. 3 மணி 21 நிமிடம் 40 நொடியில் எல்லையை அடைந்தபோது, ஓடியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் அவருக்குப் பின்னால் இருந்தார்கள். மாநில ஆளுநர் கைகுலுக்கினார். அமைப்பாளர் தரப்போ, அந்தப் பெண் போட்டியில் ஓடவில்லை, போட்டி நடந்துகொண்டிருந்த அதே சாலையில் ஓடினார், அவ்வளவுதான் என்று விளக்கம் தந்தது. அங்கீகரிக்கப்பட்ட இதழில் வராதது இலக்கியமல்ல என்னும் நம்மூர்த் தீர்ப்புகளோடு இவ்விளக்கத்தை வைத்துப் பார்க்கலாம். இரண்டுக்கும் வேறுபாடு காண்பது கடினம். போட்டி நிர்வாகம் அவரது வெற்றியை ஏற்றது 1996இல். முப்பது ஆண்டுகள்!

வெல்ல வழியில்லாத ஓட்டம் அது என்பதை மறந்துவிடலாகாது. அவர் பெயரே பட்டியலில் கிடையாது. பரிசுக்கு வாய்ப்பில்லை. ஆயினும் வென்றவரின் ஓட்டத்தைவிட அந்த ஓட்டமே உலகை அதிகம் மாற்றியது. ஏனெனில் ‘முடியாது’ என்ற கூற்றைப் பொய்யாக்க ஓர் உடல் தேவைப்பட்டது. வாதம் போதுமானதாக இல்லை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கை நினைவுகூர்க. பெண்களுக்கான 800 மீட்டர் இறுதியோட்டத்தில் ஒன்பது பேர் ஓடினார்கள். ஒன்பது பேரும் முடித்தார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே வென்றார். பத்திரிகைகளோ, பெண்கள் மயங்கிச் சரிந்து கிடந்த பரிதாபக் காட்சி என்று எழுதின. அந்த எழுத்தின் பலத்தில் 1960 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு அந்தத் தொலைவு மறுக்கப்பட்டது. எழுத்து பொய் சொல்லும்போது அதை எழுத்தால் மட்டும் திருத்திவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? சிந்தனைக்கும் உடலுக்கும் பகை என்னும் மூன்றாவது குற்றச்சாட்டு இங்கேயே உதிர்ந்துவிடுகிறது. பாபி கிப்பின் கால்கள் செய்தது ஒரு மறுப்புரை. மருத்துவம் என்ற பெயரில் நிலவிய கருத்தியலுக்கு எழுதப்பட்ட மறுப்புரை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு, 1967இல், கேத்ரின் ஸ்விட்சர் தம் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு பதிவுசெய்து, 261 என்ற எண் அட்டையுடன் ஓடினார். அமைப்பாளர் ஒருவர் ஓடிவந்து அந்த அட்டையைப் பிய்க்க முயன்றார். அந்தப் புகைப்படம் உலகெங்கும் சென்றது. அதே நாளில் பாபி கிப் மறுபடியும் எண் இல்லாமல் ஓடி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னதாகவே எல்லையை அடைந்திருந்தார். புகைப்படம் கிடைத்தவரை வரலாறு நினைவில் வைத்தது. கிடைக்காதவரை நெடுங்காலம் மறந்திருந்தது. ஸ்விட்சரின் துணிவைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமன்று. ஆவணத்தில் இடம்பெறாததாலேயே ஒன்று நிகழாததாகிவிடாது என்பதையே சுட்டுகிறோம். பாஸ்டன் போட்டி பெண்களை முறைப்படி ஏற்றது 1972இல். ஒலிம்பிக்கில் பெண்கள் மராத்தான் ஓடியது 1984இல்.

அதெல்லாம் வரலாறு, இன்றைய ஓட்டம் வணிகம் என்பார்கள். இரண்டாவது குற்றச்சாட்டு இது. இதில் உண்மை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. நுழைவுக் கட்டணம், விளம்பரம் பொறித்த பனியன், முடித்தவர்க்கெல்லாம் பதக்கம், விலையுயர்ந்த காலணி, மணிக்கட்டில் கணக்குப் பார்க்கும் கருவி என்று ஒரு சந்தை வளர்ந்து நிற்கிறது. ஆனால் சந்தை வந்தடைந்த இடத்தைக் கொண்டு, அங்கே வந்துநிற்பவரின் மனத்தை எடைபோடலாமா? 1970இல் நியூயார்க்கில் முதல் மராத்தான் நடந்தபோது கட்டணம் ஒரு டாலர். சென்ட்ரல் பூங்காவைச் சுற்றிச்சுற்றி ஓடிய 127 பேரில் முடித்தவர்கள் 55 பேர். இன்று அதே போட்டியில் பல்லாயிரம் பேர் ஓடுகிறார்கள். இடையில் நுழைந்தது பணம், உண்மைதான். ஆயினும் முப்பதாவது கிலோமீட்டரில் உடலில் சேமித்த சர்க்கரை தீர்ந்து, கால்கள் சொன்னதைக் கேட்க மறுக்கும் தருணத்தில், அந்தப் பணம் எவருக்கும் உதவுவதில்லை. விலையுயர்ந்த காலணியும் அந்த இடத்தில் வெறும் சுமை. புத்தகச் சந்தையும் வணிகம்தான். அதனால் அங்கு முதன்முறையாக ஒரு கவிதைத் தொகுப்பைக் கையிலெடுக்கும் இளைஞரை நாம் வணிகத்தின் கைக்கூலி என்று அழைப்பதில்லையே.

சாலை ஓட்டத்துக்கு மட்டுமே உரிய ஒரு பண்பு இருக்கிறது. கிரிக்கெட்டில் உலகத் தரத்து ஆட்டக்காரர்களோடு நாம் ஒரே ஆடுகளத்தில் இறங்க முடியாது. பெரிய மராத்தான்களில் உலகின் தலைசிறந்த ஓட்டக்காரரும், வாழ்நாளில் முதன்முறையாக ஓட வந்தவரும் ஒரே நாளில் ஒரே சாலையில் ஒரே 42.195 கிலோமீட்டரை ஓடுகிறார்கள். ஒருவர் சற்றே இரண்டு மணி நேரத்தைக் கடந்து முடிக்கிறார். மற்றவர் ஆறு மணி நேரம் எடுத்துக்கொள்கிறார். மேடும் வெயிலும் இருவர்க்கும் பொது. நேரக் கணக்கில் பார்த்தால், பின்னவர் மும்மடங்கு நேரம் சாலையில் நிற்கிறார். இதைக் கேலிக்குரியதாகக் காண்பவர், ஓட்டத்தைப் பற்றியல்ல, தம்மைப் பற்றியே நமக்குத் தகவல் தருகிறார்.

முதல் ஓட்டத்துக்கு வருபவர் பெரும்பாலும் தவறு செய்வார். கூட்டத்தின் உற்சாகத்தில் முதல் ஐந்து கிலோமீட்டரைத் தேவைக்கு மேல் விரைந்து ஓடிவிடுவார். தண்ணீரை ஒன்று குடிக்காமல் விடுவார், அல்லது அளவுக்கு மீறிக் குடிப்பார். கடைசிப் பகுதியில் நடப்பார். இவை குறைகளே. குறைகள் இல்லை என்று நாம் வாதிடவில்லை. குறைகளைச் சுட்டுவது வேறு, வந்ததையே குற்றமாக்குவது வேறு என்கிறோம். முதல் கவிதையின் அசைபிசகைத் திருத்திக் கொடுக்கும் ஆசிரியர் ஒரு வகை. எழுதாதே என்று தாளைத் திருப்பித் தருபவர் இன்னொரு வகை. முன்னவரால் மொழி வளர்கிறது. பின்னவரால் மௌனம் வளர்கிறது.

இதை யாரிடம் சொல்கிறோம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சிற்றிதழ் வாசகர்களிடம் சொல்கிறோம். 1959இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கியபோது அவருக்கு ஊதியம் தந்தது யார்? நூல்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றாரே, அதை எந்தத் தொழில்முறையில் சேர்ப்பது? நவீனத் தமிழின் முக்கியமான பக்கங்களில் பல, கைக்காசைச் செலவிட்டு, வேலை நேரம் போக மிஞ்சிய நேரத்தில், சில நூறு பேருக்காக அச்சிடப்பட்டவை. வெற்றி என்பதற்குச் சந்தை தந்த வரையறையை ஏற்றிருந்தால் அவற்றுள் ஒன்றும் வெளிவந்திருக்காது. அந்த மரபை உரிமை கொண்டாடுபவர்கள், பிரதிபலன் கருதாது ஒரு சாலையில் இறங்கும் மனிதரைப் பார்த்து ‘அமெச்சூர்’ என்று நகைப்பது தம் முன்னோரை நகைப்பதே ஆகும்.

ஆகவே நம் கோரிக்கை எளியது. போட்டி அமைப்பாளர்கள் குறித்த நேரம் முடிந்ததும் சாலையைப் போக்குவரத்துக்குத் திறந்துவிடுவது வழக்கம். அதற்குப் பின்னும் சிலர் வாகனங்களுக்கு நடுவே, நடைமேடையில் ஏறி இறங்கி வந்துகொண்டிருப்பார்கள். தண்ணீர் மேசைகள் மடிக்கப்பட்டிருக்கும். கைதட்டியவர்கள் வீடு திரும்பியிருப்பார்கள். அமைப்பாளர்கள் அந்த மேசைகளில் ஒன்றையாவது கடைசி ஆள் வரும்வரை விட்டுவைக்கட்டும். விமர்சகர்கள் அந்த வசைச்சொல்லைக் கொஞ்ச காலத்துக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, குறை கண்ட இடத்தில் குறை இன்னதென்று எழுதட்டும். எழுத முடியவில்லையெனில், அடுத்த ஓட்டத்தில் சாலையோரம் வந்து, அந்தக் கடைசி ஆள் கடந்துபோகும்வரை காத்து நிற்கட்டும்.