சேவுக்கு ஒயின்

தமிழ்நாட்டில் 'ஒயின் ஷாப்' என்று போர்டு மாட்டிய கடையில் கிடைக்காத ஒரே சரக்கு ஒயின்தான் என்று ஒரு கிண்டல் உண்டு. 2003-ல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கொண்ட பிறகும் ஜனங்கள் வாயில் அது 'ஒயின்ஸ்'தான். எனவே எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் என்று தெரியாததற்காக நீங்கள் கூச்சப்பட வேண்டாம்.

தெரிந்தே ஆகவேண்டிய ஒருவன் என்னிடம் வந்தான். ஏழாயிரம்பண்ணை அக்கா மகன். கேட்டரிங் படித்துவிட்டு சொகுசுக் கப்பலில் பரிமாறும் வேலைக்கு மனுப் போட்டிருந்தான். பத்து நாளில் இன்டர்வியூ.

"ஒயின் பத்திக் கேப்பாங்களாம் மாமா. நான் ஒரு சொட்டுகூட குடிச்சதில்ல."

"ரொம்ப சந்தோஷம் மருமகனே. அப்படியே இரு."

"இது கெடைக்கலைன்னா பட்டாசுக்குத்தான் போகணும். அம்மா வேணாங்குது."

அக்கா ஏன் வேணாங்கிறாள் என்று நான் கேட்கவில்லை. 2021 பிப்ரவரியில் அச்சங்குளம் ஆலையில் நடந்தது அந்தப் பக்கத்தில் யாருக்கும் மறக்காது.

நடுக்கடலில் சிக்னலை நம்ப முடியாது. எனவே நெட் இல்லாமல் அவன் செல்போனிலேயே ஓடும் சின்ன கைடு ஒன்று செய்யலாம் என்று உட்கார்ந்தேன். 30 பதார்த்தம், 12 ஒயின். ஜோடி ஜோடியாக எழுதினால் 360 பதில். அதை மனப்பாடம் செய்வதற்குப் பட்டாசே மேல். அதற்குப் பதில், ஒவ்வொன்றுக்கும் சுவைவாரியாக 0 முதல் 3 வரை மார்க் போட்டேன். பதார்த்தத்துக்குக் காரம், எண்ணெய், உப்பு, புளிப்பு, இனிப்பு. ஒயினுக்கு இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு, போதை. இரண்டையும் ஒப்பிட்டுக் கூட்டிக் கழிப்பதை போன் பார்த்துக்கொள்ளும்.

இங்கேதான் தமிழ் கை கொடுத்தது. சிவப்பு ஒயினில் டானின் என்று ஒன்று நாக்கைப் பிடிக்கும். அதைப் புரியவைக்க வெள்ளைக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நான் ஒரே வார்த்தை சொன்னேன்: துவர்ப்பு. "கொட்டைப்பாக்கு மாதிரியா மாமா?" என்றான். அதேதான். எச்சிலில் இருக்கும் புரதத்தை டானின் பிடித்துக்கொள்வதால் வாய் வறண்டுபோகிறது. கொழுப்புள்ள ஆட்டுக்கறியோடு சேர்ந்தால் அது அடங்கும். அதனால் மட்டனுக்கு கேபர்னே சாவிஞோன்.

காரம் வேறு ஜாதி. உண்மையில் அது சுவையே அல்ல, சூடு. மிளகாயின் கேப்சைசின், நாக்கில் வெப்பத்தை உணரும் அதே வாசலைத்தான் தட்டுகிறது. இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசு. ஆல்கஹாலும் அதே வாசலைத் தட்டும். காரத்துக்கு மேல் போதை அதிகமுள்ள சிவப்பு ஒயின் ஊற்றுவது எரிகிற வைக்கோல்போரில் மண்ணெண்ணெய் ஊற்றுகிற காரியம். லேசாக இனிக்கும், போதை குறைந்த ஜெர்மன் ரீஸ்லிங்தான் சரி. பொரித்தது, உப்பானது என்றால் புளிப்பும் நுரையும் உள்ள ஷாம்பேன். வாயிலிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை அது துடைத்துவிடும். இனிப்புப் பண்டத்துக்கு ஒயின் அதைவிட இனிக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைவிட இனிப்பாக ஒயின் தேடுவது லேசான வேலையா? போர்ட் வரை போகவேண்டியிருந்தது.

சும்மா இருக்காமல் 13-வதாக மோரையும் சேர்த்தேன். சாத்தூர் காரச்சேவு என்று தட்டினால் 12 ஒயினையும் தோற்கடித்து மோர் முதலிடம்! பாலிலுள்ள கேசின் கேப்சைசினைக் கழுவிவிடும் என்பதால் இதில் சமரசத்துக்கு இடமில்லை. 'இன்டர்வியூவில் இதைச் சொல்லித் தொலைக்காதே' என்று எச்சரித்து அனுப்பினேன்.

கேள்விகள் எல்லாம் அவன் தட்டித் தட்டிப் பழகியவைதானாம். கடைசியில் வெள்ளை ஒயின் ஒரு கிளாஸை நீட்டி, குடிக்க வேண்டாம், முகர்ந்து சொல் என்றிருக்கிறார்கள்.

"என்ன சொன்னே?"

"தீக்குச்சி உரசுன வாசன அடிக்குதுன்னேன் மாமா. எங்க ஊர்ல அது தெரியாதா? கேட்டவர் நிமிர்ந்து பார்த்தார்."

பார்க்காமல் என்ன செய்வார்! சிலவகை ஷார்டனேயில் கந்தகக் கூட்டுப்பொருள்களால் அந்த வாசனை வரும். விஷயம் தெரிந்தவர்கள் அதற்காகவே கூடுதல் காசு கொடுக்கிறார்கள்.

அடுத்த மாதம் மெடிக்கல். கைடில் கோவில்பட்டி கடலை மிட்டாயையும் அவனே சேர்த்துவிட்டான்.