மூத்தது இளையதற்கு வாசித்த வீடு



மெதடிஸ்ட் இல்லங்களின் வேதவாசிப்பு கண்டிப்புக்குப் பேர்போனது. அந்த ஒழுங்கின் வேர் இங்கிலாந்திலே, லிங்கன்ஷயரைச் சேர்ந்த எப்வொர்த் என்னும் ஊரில், ஓர் ஆங்கிலிக்கன் குருவானவரின் வீட்டில் இருக்கிறது. மெதடிஸ்ட் என்னும் பெயரே அப்போது தோன்றவில்லை. சாமுவேல், சூசன்னா வெஸ்லி தம்பதியருக்குப் பிறந்த 19 பிள்ளைகளில் 10 பேரே பிழைத்து வளர்ந்தனர். ஜான் வெஸ்லியும் சார்லஸ் வெஸ்லியும் அவர்களில் இருவர்.

1709 பிப்ரவரியில் அவ்வீடு எரிந்துபோயிற்று. புதுவீடு எழும்புமட்டும் பிள்ளைகள் வெவ்வேறு வீடுகளில் சிதறி வாழ்ந்தார்கள். திரும்பி வந்தபோது முரட்டுப் பேச்சும், ஓய்வுநாளை அசட்டை செய்யும் பழக்கமும் அவர்களோடுகூட வந்தன. (பட்டணத்திலே வாடகை வீடு மாறிமாறிக் குடியிருக்கும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.)

அப்பொழுது சூசன்னா அம்மையார் ஒரு புது ஒழுங்கை ஏற்படுத்தினார். மாலை 5 மணிக்கு, பேசத் தெரிந்த பிள்ளைகளில் கடைசிப் பிள்ளையை மூத்த பிள்ளை அழைத்துக்கொள்ளும். அதற்கு அடுத்ததை இரண்டாம் பிள்ளை அழைத்துக்கொள்ளும். இப்படி இருவர் இருவராக அமர்ந்து, அன்றைக்குரிய சங்கீதங்களையும் புதிய ஏற்பாட்டில் ஓர் அதிகாரத்தையும் மூத்தது இளையதற்கு வாசிக்கும். காலையிலோ சங்கீதங்களும் பழைய ஏற்பாட்டில் ஓர் அதிகாரமும்; பின்பு தனிஜெபம்; அதற்குப் பிறகே ஆகாரம். தகப்பன் வாசிக்கப் பிள்ளைகள் தூங்கி விழும் நமது குடும்ப ஜெபத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாசிக்கும் பொறுப்பைப் பெற்ற பிள்ளைக்குத் தூக்கம் வருமோ?

எழுத்தறிவும் வேதத்திலிருந்தே தொடங்கியது. 5 வயதானதும் எழுத்துகளைக் கற்க ஒரு நாள். அதன்பின் நேரே ஆதியாகமம் முதலாம் அதிகாரம். முதல் வசனத்தைத் தடையின்றி வாசித்த பிறகே இரண்டாவது. நன்றாக வாசிக்கத் தெரியுமட்டும் எந்தப் பெண்பிள்ளைக்கும் கைவேலை கற்பிக்கலாகாது என்பதும் அவ்வீட்டின் சட்டம். 1732இல் ஜானுக்கு எழுதிய கடிதத்தில் அம்மையார் இவற்றை விவரித்திருக்கிறார். பெண்பிள்ளையின் படிப்பை அடுப்படிக்குப் பின்னாலே தள்ளும் பெற்றோர் இந்தச் சட்டத்தை இருமுறை வாசிப்பார்களாக.

ஆயினும் அவ்வீட்டைப் புகழ்ந்து மட்டும் எழுத என் மனம் ஒப்பவில்லை. ஹெட்டி என்னும் மகள் 8 வயதிலேயே கிரேக்குப் புதிய ஏற்பாட்டை வாசித்தாள் என்பர். 1725இல் அவள் ஒருவனோடு வீட்டைவிட்டுப் போய் ஏமாற்றப்பட்டாள். பின்பு மனங்கசந்து மன்னிப்புக் கேட்டும் தகப்பனாரின் இருதயம் இளகவில்லை. விருப்பமில்லாத ஒரு மணவாழ்வே அவளுக்கு வாய்த்தது. மறு ஆண்டு, தவறினவர்களிடத்திலும் அன்புகூர வேண்டும் என்று ஜான் பிரசங்கித்தார். அது தம்மைக் குத்துவதாக எண்ணித் தகப்பனார் வருந்தினார். அதே வேதத்தைத்தானே இருவரும் அனுதினமும் வாசித்தார்கள்!

1750 மார்ச் மாதத்தில் ஹெட்டி மரணப்படுக்கையில் கிடந்தாள். தகப்பனார் அப்போது உயிரோடில்லை. அவளைவிட 10 வயது இளையவரான சார்லஸ் அவளருகே வந்து ஜெபித்தார்.