திரையில் வரைந்து தமிழில் விளக்கலாம்

கணினியில் ஓவியம் வரைய விலையுயர்ந்த மென்பொருள் வேண்டும் என்னும் எண்ணம் மாணவர் பலரிடம் இன்னும் நீங்கவில்லை. மாதந்தோறும் சந்தா கட்ட இயலாதவர்கள் திருட்டுப் படிகளைத் தேடிப் பதிவிறக்கம் செய்கின்றனர். கூடவே நச்சுநிரலும் வந்து சேர்வதுண்டு. ஜொகூர் பாருவில் இருந்தாலும் சிகாமட் தோட்டப்புறத்தில் இருந்தாலும், எந்த மாணவருக்கும் இந்தத் தொல்லை தேவையில்லை.

கிரித்தா, கிம்ப், இங்க்ஸ்கேப், பிளெண்டர் ஆகியவை கட்டற்ற மென்பொருள்கள். இவற்றைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். நண்பருக்கும் படியெடுத்துக் கொடுக்கலாம். 2002-ஆம் ஆண்டில் பிளெண்டரின் மூலநிரலை விடுவிக்க 100,000 யூரோ தேவைப்பட்டது. அத்தொகையைப் பொதுமக்கள் ஏழே வாரங்களில் திரட்டித் தந்தனர். இலவசப் பொருள் தரமற்றது என்பாரும் உளர். பிளெண்டரில் உருவான ‘ஃபுளோ’ என்னும் லாட்விய அசைவூட்டப் படம் 2025-இல் ஆஸ்கார் விருது பெற்ற பிறகு அந்த வாதம் எடுபடாது.

கருவி கிடைத்துவிட்டது. கற்றுத் தருபவர் யார்? ஜொகூர் பாருவின் அருள்மிகு ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலை ஒரு மாணவி கிரித்தாவில் வரைய முற்படுகிறாள் எனக் கொள்வோம். கோட்டுருவம் ஓர் அடுக்கில், கண்ணாடித் துண்டுகளின் வண்ணங்கள் வேறோர் அடுக்கில், ஒளி அதற்கும் மேல். இவ்வாறு பிரித்து வரைந்தால், வண்ணத்தை மாற்றும்போது கோடு சிதையாது. பல நாள் தட்டுத் தடுமாறி அவள் கண்டறிந்த இந்நுட்பம் அவளுடைய கணினியிலேயே முடங்கிவிடுவது பேரிழப்பு. ஓபிஎஸ் என்னும் மற்றொரு கட்டற்ற மென்பொருள் திரையையும் குரலையும் ஒருங்கே பதிவு செய்யும். அவள் தமிழில் பேசினால் போதும்.

மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ‘ஸ்போக்கன் டுட்டோரியல்’ திட்டம் இதற்கு நல்ல முன்மாதிரி. ஏறத்தாழப் பத்து நிமிடத் திரைப்பதிவுகளுக்குத் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் குரல் கொடுக்கின்றனர். கற்பவர் ஒரு பக்கம் காணொலியைப் பார்த்துக்கொண்டே மறுபக்கம் தாமே செய்து பழகுகிறார்.

கட்டளைகள் ஆங்கிலத்தில் இருக்கும்போது தமிழ் விளக்கம் எதற்கு எனச் சிலர் கேட்கலாம். பொத்தானின் பெயரை உள்ளபடியே சொல்லிவிடலாம். அதை ஏன் அழுத்த வேண்டும் என்பதுதான் புரிய வேண்டியது. அது பழகிய மொழியில் எளிதில் புரியும்.

இளையோர் பதிவுகளில் காணப்படும் பெருங்குறை வேகமே. சுட்டி அங்குமிங்கும் பறக்கிறது. பார்ப்பவர் பின்தொடர முடிவதில்லை. பின்னணி இசையோ பேச்சை விழுங்கிவிடுகிறது. பேசப் போவதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வதும், ஒரு காணொலியில் ஒரு நுட்பத்தை மட்டும் காட்டுவதும் நன்று. பதிவைத் தொடங்குமுன் தனிப்பட்ட குறுஞ்செய்திகள் திரையில் தோன்றாதவாறு அவற்றை நிறுத்திவைக்கவும் வேண்டும். முதல் பதிவை வகுப்புத் தோழர் ஒருவரிடம் கொடுத்து, அதைப் பார்த்து அவரால் வரைய முடிகிறதா எனச் சோதிக்கலாம். அவர் எந்த இடத்தில் திணறுகிறாரோ, அந்தப் பகுதியை மட்டும் மீண்டும் பதிவு செய்தால் போதும்.