ரிங் கொக்கி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது?

(இறுதியாண்டு மாணவர், சிவில் பிரிவு)

செமினார் தலைப்பு கொடுக்கச் சொல்லும் நாளில் நம் பிரிவில் ஒரு தமாஷ் நடக்கும். பாதிப் பேர் "தைபே 101" என்று எழுதிக் கொடுப்பார்கள். மீதிப் பேர் ஜப்பான் என்பார்கள். குறை சொல்லவில்லை, விஷயம் அப்படி! 508 மீட்டர் உயரக் கட்டடத்தின் உச்சிப் பக்கம், 92-ஆவது மாடியிலிருந்து 87-ஆவது மாடி வரைக்கும் 660 டன் எடையில் ஓர் எஃகுக் குண்டைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். காற்றில் கட்டடம் ஒரு பக்கம் போனால் குண்டு எதிர்ப்பக்கம் இழுக்கும், ஆட்டம் அடங்கும். படத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் வாய் பிளக்காது?

அதைவிட எனக்குப் பிடித்தது ஈய ரப்பர் பேரிங். நியூசிலாந்தைச் சேர்ந்த பில் ராபின்சன் 1970-களில் கண்டுபிடித்தது. ரப்பர் ஓர் அடுக்கு, எஃகுத் தகடு ஓர் அடுக்கு என்று மாற்றி மாற்றி அடுக்கி, நடுவில் ஈயத் தண்டு ஒன்றைச் செருகியிருப்பார்கள். கட்டடத்துக்கும் அஸ்திவாரத்துக்கும் இடையே இதை வைத்துவிட்டால் கீழே பூமி வெடுக் வெடுக்கென்று ஆடினாலும் மேலே கட்டடம் நிதானமாகத்தான் அசையும். ஈயம் நசுங்கி நசுங்கி அந்தச் சக்தியை வெப்பமாக மாற்றிவிடும். சாதாரண வெப்பநிலையிலேயே ஈயம் தன் பழைய குணத்துக்குத் திரும்பிவிடும் என்பதால் அடுத்த ஆட்டத்துக்கும் அது தயார். 1981-ல் வெலிங்டன் நகரத்தில் வில்லியம் கிளேட்டன் கட்டடம் இதன் மேல் முதன்முதலாக நின்றது. நம் நாட்டிலும் இருக்கிறது. 2001-ல் இடிந்துபோன பூஜ் மாவட்ட மருத்துவமனையைத் திரும்பக் கட்டியபோது இத்தகைய பேரிங்குகள் மேல்தான் உட்கார வைத்தார்கள்.

எல்லாம் சரி. ஆனால் நண்பர்களே, நம்மில் எத்தனை பேர் அந்தக் குண்டைத் தொங்கவிடப் போகிறோம்? டிப்ளமோ முடித்து வெளியே போனால் நமக்குக் கிடைப்பது சைட் சூப்பர்வைசர் வேலை. கீழே கார் நிறுத்த இடம், மேலே இரண்டு மாடி, ஒன்பதுக்குப் பன்னிரண்டு அங்குலப் பில்லர். அங்கே ஈய ரப்பரும் வராது, எஃகுக் குண்டும் வராது. அங்கே வரக்கூடிய கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. அதைப் பற்றி யாரும் செமினார் கொடுப்பதில்லை. அது பில்லர் ரிங்கின் கொக்கி.

புத்தகத்தில் அரைப் பக்கம்கூட வராத விஷயம் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். பில்லரின் மெயின் கம்பிகளைச் சுற்றி ரிங் போடுகிறோம். அதன் இரண்டு முனைகளையும் 90 டிகிரிக்கு மடக்கி விட்டால் அந்த முனைகள் எங்கே கிடக்கும்? வெளிப்பக்கக் கவர் கான்கிரீட்டில். சாதாரண நாளில் ஒரு கெடுதலும் இல்லை. பூமி ஆடும்போது முதலில் உதிர்வதே அந்தக் கவர்தான். அது உதிர்ந்ததும் முனைக்குப் பிடிமானம் போச்சு. ரிங் வாயைத் திறந்துவிடும். ரிங் திறந்தால் மெயின் கம்பிகள் வெளிப்பக்கம் வளையும், உள்ளே இருக்கும் கான்கிரீட் பொடிந்து கொட்டும், மாடி அப்படியே உட்கார்ந்துவிடும். அதே முனையை இன்னும் 45 டிகிரி உள்ளே தள்ளி, 135 டிகிரிக்கு மடக்கினால்? கொக்கி பில்லரின் வயிற்றுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். கவர் முழுவதும் உதிர்ந்தாலும் ரிங் விடாது. பில்லர் விரிசல் விடும், சாயும், அசிங்கமாக நிற்கும். ஆனால் நிற்கும். உள்ளே இருப்பவர்கள் வெளியே ஓடிவர நேரம் கிடைக்கும்.

இது ஏதோ நான் கண்டுபிடித்துச் சொல்வதல்ல. ஐ.எஸ். 13920 என்ற விதிநூல் 1993-லேயே வந்துவிட்டது. 2016-ல் அதைத் திருத்தியபோது கொக்கியின் வால் கம்பி விட்டத்தைப்போல் ஆறு மடங்கு, எப்படியும் 65 மி.மீ.க்குக் குறையக்கூடாது என்று எழுதினார்கள்.

நேரடிப் பயிற்சிக்காக நான் போன ஒரு சைட்டில் (பெயர் வேண்டாம்) டிராயிங்கில் 135 டிகிரி தெளிவாகப் போட்டிருந்தது. கட்டியிருந்த ரிங் எல்லாம் 90. கம்பி கட்டும் மேஸ்திரியிடம், "அண்ணே, கொக்கி உள்ள திரும்பணும்னு டிராயிங்ல இருக்கே?" என்றேன். "டிராயிங்ல அப்படித்தான் தம்பி இருக்கும். அப்படி மடக்குனா மெயின் ராடு எப்படி உள்ள நுழையும்? முப்பது வருஷமா இப்படித்தான் கட்டுறேன். எது விழுந்துச்சு, சொல்லு!" என்றார்.

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. இரண்டு முனையையும் முழுக்க மடக்கிய ரிங்கை மாட்டுவது கஷ்டம்தான். ஒரு முனையை முன்னதாகவே மடக்கி, மற்றதைக் கொஞ்சம் திறந்து வைத்து, ரிங்கை இடத்தில் நிறுத்திய பிறகு மூட வேண்டும். நேரம் பிடிக்கும். டன் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு அந்த நேரத்துக்குக் காசு யார் தருவது? இதைப் பேசாமல் மேஸ்திரியை மட்டும் திட்டுவது நமக்கு அழகல்ல. ஆனால் "எது விழுந்துச்சு" என்பதற்கு என்னால் தலையாட்ட முடியவில்லை. அவர் கட்டிய பில்லரை இன்னும் எந்த ஆட்டமும் சோதித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

செலவைப் பார்ப்போமா? கணக்கு நமக்குத் தெரிந்ததுதான்: விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுக்க வேண்டும். 8 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.395 கிலோ. மூன்று மீட்டர் பில்லருக்கு 25 ரிங் என்று வைத்துக்கொள்வோம். சைட்டில் போடுகிற குட்டி வாலோடு ஒப்பிட்டால் ரிங்குக்குத் தாராளமாகப் பத்து சென்டிமீட்டர் கூடும். ஆக 2.5 மீட்டர். ஒரு பில்லருக்கு ஒரு கிலோ கம்பி! வாசல் கிரில்லில் போடும் பூ டிசைனுக்கு இதைவிட அதிகம் போகிறது.

"நம்ம ஊர்ல எங்கப்பா பூகம்பம்?" என்று கேட்பவர்கள் உண்டு. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியில் சுமார் 6 அளவில் ஆடியிருக்கிறது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் ஆடியதைச் சென்னையில் உணர்ந்தார்கள். 2002-ல் ஐ.எஸ். 1893-ஐத் திருத்தியபோது சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றினார்கள். மூன்றாம் மண்டலம் என்றதும் இலேசாக நினைக்க வேண்டாம். அகமதாபாத்தும் அப்போது மூன்றாம் மண்டலம்தான். 2001 ஜனவரி 26 காலை ஆட்டத்தின் மையம் அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால், கட்ச் பக்கம். அப்படியிருந்தும் அகமதாபாத்தில் மாடிக் குடியிருப்புகள் சரிந்து நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். அவற்றில் பல, கீழ்த்தளத்தில் சுவரே இல்லாமல் வண்டி நிறுத்தத் திறந்து விட்டவை. மேலே செங்கல் சுவரோடு விறைப்பாக மாடிகள், கீழே வெறும் பில்லர் கால்கள். ஆட்டம் முழுவதும் அந்தக் கால்களில்தான் இறங்கும். நம் தெருவில் இன்று எழும்புகிற புது ஃபிளாட்டுகளைப் பார்த்துவிட்டு இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

சட்டம் போட்டால் மட்டும் போதாது என்பதற்குத் துருக்கி சாட்சி. அங்கே கடுமையான விதிகள் இருந்தன. விதியை மீறிய கட்டடங்களுக்கு 2018-ல் மன்னிப்பும் கொடுத்தார்கள். 2023 பிப்ரவரி 6 அன்று அந்த நாட்டில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

இதற்கு நேர்மாறாக ஒரு கதை உண்டு. கதையல்ல, நடந்தது. 1931-ல் பலுசிஸ்தானில் மாச் என்ற இடத்தில் பூகம்பம். இடிந்த ரயில்வே கட்டடங்களைத் திரும்பக் கட்டும் வேலை எஸ்.எல். குமார் என்ற இளம் ரயில்வே இன்ஜினீயரிடம் வந்தது. அவர் சீமையிலிருந்து எதையும் வரவழைக்கவில்லை. ரயில்வேக்காரரிடம் என்ன இருக்கும்? தண்டவாளம்! அதையே சட்டமாக நிறுத்தி, செங்கல் சுவரை அந்தச் சட்டம் தாங்கும்படி வீடுகள் கட்டினார். 1933-ல் அந்த முறையை ஒரு கட்டுரையாகவும் எழுதினார். எந்த வட்டாரத்தில் ஆபத்து எவ்வளவு என்று நாட்டுக்கே ஒரு மண்டல வரைபடமும் அதில் போட்டார். 1935 மே 31 விடியற்காலை குவெட்டா நகரம் தரைமட்டமானது. பல்லாயிரம் பேர் போனார்கள். அந்த இளைஞர் கட்டிய ரயில்வே வீடுகள் நின்றன.

குமார் செய்ததைக் கண்டுபிடிப்பு என்று ஒப்புக்கொள்ளச் சிலர் தயங்கலாம். காப்புரிமை இல்லை, பளபளப்பு இல்லை. என்னைக் கேட்டால் 660 டன் குண்டுக்குப் பக்கத்தில் அந்தத் தண்டவாள வீட்டின் படத்தையும் நம் டிராயிங் ஹாலில் மாட்டலாம்.

செங்கல் வீடு கட்டுகிறவர்களுக்கும் இதே மாதிரி ஒன்று உண்டு. லிண்டலை ஜன்னல் தலைக்கு மட்டும் துண்டு துண்டாகப் போடாமல், வீட்டின் எல்லாச் சுவர் மேலும் விடாமல் சுற்றிப் போடுவது. விறகுக் கட்டைக் கயிறு பிடிப்பதுபோல நான்கு சுவரையும் அது சேர்த்துப் பிடிக்கும். மூலையில் கம்பியை வெட்டிவிட்டால் கயிற்றை அறுத்ததற்குச் சமம்.

பேரவைக்கு என் வேண்டுகோள் இதுதான். நம் பரீட்சையில் ரிங்கின் படம் போட்டால் மார்க் கிடைக்கிறது. மடக்கிப் பார்த்தவர் எத்தனை பேர்? ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் 8 மி.மீ. துண்டுக் கம்பி வருஷக் கணக்காகத் துருப்பிடித்துக் கிடக்கிறது. அடுத்த பருவத்தில் ஒரு சனிக்கிழமை, அனுபவமுள்ள கம்பி வேலைக்காரர் ஒருவரை ஒரு நாள் கூலி கொடுத்து அழைத்து வாருங்கள். சிவில் பிரிவில் ஒவ்வொருவரும் பத்து ரிங் 135-ல் மடக்கி, மாட்டி, மூடிப் பழக வேண்டும். கான்கிரீட் ஊற்றாத இரண்டு கம்பிக் கூடுகளை, ஒன்று 90, ஒன்று 135, பிரிவு வாசலிலேயே நிறுத்தி வைக்க வேண்டும். கூலிக்குப் பணம் இல்லை என்றால் இந்த ஆண்டு மலர் அட்டையில் ஒரு கலரைக் குறைத்துக்கொள்ளலாம். அந்த மேஸ்திரி அண்ணன் வர ஒப்புக்கொண்டால் அவரைக் கூப்பிடவே எனக்கு ஆசை.