வரம்பின் இருபுறமும்

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது எமது மக்கள் ஒரே திசையில் ஓடவில்லை. சிலர் மடுவுக்குப் போனார்கள். சிலர் வள்ளமேறி இராமேஸ்வரம் சேர்ந்து மண்டபம் முகாமில் பதிந்தார்கள். ஒரே வயிற்றிற் பிறந்தவர்கள் கடலின் இரு கரைகளிலும் முதுமையடைந்தார்கள். 2009இல் போர் முடிந்தது. வயல்களில் மிதிவெடி அகற்றும்வரை காத்திருந்து பலர் ஊர் திரும்பினார்கள். இன்று திருக்கேதீஸ்வரத்தைச் சூழ்ந்த ஊர்களில், ஒரே வரம்பின் இருபுறமும் நின்று முகம் பாராத அண்ணன் தம்பியரைக் காண்கிறோம். நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து இல்லை. தாயின் செத்தவீட்டிலும் ஒருவர் பந்தலுக்குள், மற்றவர் படலையடியில்.

"நீ விட்டிட்டு ஓடினனி" என்கிறார் ஒருவர். "நான் இல்லாத நேரம் பிடிச்சுக்கொண்டாய்" என்கிறார் மற்றவர். சட்டமும் இதற்கு எண்ணெய் ஊற்றுகிறது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிக்குச் சாதாரணமாக ஒருவரே பின்னுரித்தாளராகிறார். பெயர் குறிக்கப்படாதவிடத்து மகளுக்கு முன் மகனை வைத்த விதி 2022இல்தான் மாறியது. எனவே சகோதரிகளின் மனத்தாங்கலும் இதற்குள் உண்டு.

இங்கே நாம் செய்த பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும். குருக்களும் ஊர்ப்பெரியவர்களும் அபிவிருத்திப் பணியாளர்களுமாகிய நாம், இருவரையும் கூட்டி வந்து, "பழசை மறந்து சேருங்கோ" என்று கையோடு கைசேர்த்து அனுப்பினோம். அடுத்த போகத்தில் தண்ணீர் முறை வந்ததும் பகை இரட்டித்தது. கேட்கப்படாத துயரத்தின்மீது சமாதானத்தைப் பூசினோம்; அது காய்ந்து உதிர்ந்தது.

உளவளத்துணையாளர் வேறு விதமாகத் தொடங்குகிறார். அவர் தீர்ப்புச் சொல்வதில்லை. ஒருவரைத் தனியே இருத்தி, அவர் சொல்லி முடியும்வரை கேட்கிறார். யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போர் தனியாளை மட்டுமன்றிக் குடும்பத்தையும் சமூகத்தையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்று 2007இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். அமெரிக்கக் குடும்பநல ஆற்றுப்படுத்துநர் போலின் பொஸ், வியட்நாம் போரில் காணாமற்போன படையினரின் குடும்பங்களோடு பழகி, முடிவு தெரியாத இழப்பு என்றொன்றை விளக்கினார். ஆள் இருந்தும் இல்லாத உறவும் அத்தகையதே. செத்தால் எட்டும் அந்தியேட்டியும் செய்து ஆறலாம். உயிரோடிருக்கும் தம்பிக்கு எப்படி அழுவது? அந்த அழுகைக்கு இடந்தருவதே முதல் வேலை.

இது எமக்கு மட்டும் வந்த அவமானமுமல்ல. கார்ள் பில்லெமர் 1,340 அமெரிக்கரை விசாரித்தபோது 27 வீதமானோர் ஏதோவோர் உறவினரோடு தொடர்பற்றிருந்தனர். மீண்டும் சேர்ந்தவர்களிடம் அவர் கண்டது எமக்கு முக்கியமானது: பழைய கதையில் தன் பக்கமே சரியென்று மற்றவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற பிடியை அவர்கள் விட்டிருந்தார்கள். ஓடியது சரியா, நின்றது சரியா என்ற வழக்குக்கு எந்த நீதிமன்றமும் இல்லை. இரண்டுமே பிள்ளைகளைக் காப்பாற்றத்தான்.

ஆகவே காணியையும் காயத்தையும் பிரித்துவைப்போம். உரித்துக் கேள்வியைப் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குக் கொண்டுபோகலாம். வேறு பிணக்குகளுக்கு மத்தியஸ்த சபை இருக்கிறது. நெஞ்சிலுள்ளதை உளவளத்துணையாளரிடம் சொல்லலாம். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கும் அழைக்கலாம். அங்கே போவது பைத்தியம் என்பதற்கு அடையாளமல்ல.

எல்லாரும் சேரத்தான் வேண்டும் என்றும் நாம் சொல்லமாட்டோம். அடிக்கும் கணவனை, கெடுத்த உறவினனை விட்டு விலகியிருப்பவரைத் திரும்பிப் போகும்படி வற்புறுத்துவது பாவம். அவர்களுக்கு அந்தப் பிரிவை நிம்மதியோடு சுமக்கத் துணை வேண்டும்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மன்னிப்பை எதிர்பார்த்து நிற்க வேண்டாம். அடுத்தமுறை வரம்பில் எதிர்ப்பட்டால், "சுகமோ?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராமலும் போகலாம். கேட்டவருக்கு அன்றிரவு நித்திரை வரும்.